மலையாள எழுத்தில் ஒரு தமிழ் நாவல்

என் முதல் நாவலின் முதல் படியை என்னையும் என் அக்காவையும் தவிர யாராலும் படிக்க முடியவில்லை. கையெழுத்து காரணமில்லை; அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பரிசே வாங்கியிருக்கிறேன். நாவல் தமிழில் இருந்தது, எழுத்து மலையாளத்தில் இருந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்த மலையாளிகள் வாய்விட்டுப் படித்துவிட்டு, இது என்ன பாஷை என்று என்னிடமே கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, வயலும் கடலைக்காடுமாக இருந்தது எங்கள் ஊர். வீட்டில் பேசுவது கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். நடந்து போகிற தூரத்தில் இருந்தது மலையாளப் பள்ளிக்கூடம். பத்தாவது வரை அங்கேதான் படித்தேன். தமிழ் எழுத்துகளை சினிமா போஸ்டரிலும் பொள்ளாச்சியிலிருந்து வருகிற வாரப் பத்திரிகையிலும் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். எழுத வராது. அக்காவுக்குக் கடிதம் போடுவதென்றால் மலையாள எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவேன். அவளும் அதே பள்ளிக்கூடம், படித்துவிடுவாள்.

அக்காவை, கம்பத்துக்கு மேலே மலையில் இருக்கிற ஆனைக்கரையில், ஒரு ஏலத்தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு மூன்றாவது பிரசவம். மலையிறங்கிப் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால் என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் வந்துவிடலாம் என்று போனவள், குழந்தை குப்புற விழுந்து தவழத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தேன்.

நான் போன நாளிலிருந்து மழை. கொல்லங்கோட்டில் மழை பெய்தால் அது பெய்கிற மாதிரி பெய்து நிற்கும். ஆனைக்கரையில் மழை ஒரு வேலைக்காரன் மாதிரி காலையில் வந்து சாயங்காலம் வரை இருந்தது. குழந்தைத் துணி காயவே இல்லை. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதில் அடுப்புச் சூடு எப்போதும் இருக்கும். துணிகளை அங்கே கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டு, பொறி பறந்து விழாமல் காவல் இருப்பது என் வேலை. சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அக்கா பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதத் தொடங்கினேன்.

ஸ்டோரில் காய் தரம் பிரிக்க வருகிற பெண்கள் கம்பம், போடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புதிது. எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு ‘ங்க’ போட்டுப் பேசுவோம். அவர்கள் போகிறபோக்கில் வெட்டிப் போடுவது மாதிரி பேசுவார்கள். அதில் ஒரு அம்மாள் ஒரு பருவத்துக்குக் காய் எடுக்க என்று வந்து, பல வருஷமாக அங்கேயே இருந்தாள்.

“ஊருக்குப் போகலையாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போகணுமின்னுதேன் இருந்தேன். இங்கிட்டே இருந்துட்டேன்” என்றாள். கையில் இருந்த காயை ஊதிவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள்.

எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. என் கதைக்காரி எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புருஷனை விட்டு ஒரு பருவத்துக்கு மட்டும் என்று மலைக்குப் போகிறாள், திரும்பி வருவதில்லை. எழுதியதை அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பாள்.

“அவ புருசன் அடிப்பானா?”

“இல்லக்கா.”

“குடிப்பானா?”

“அதெல்லாம் இல்ல. நல்லவன்.”

“அப்பறம் எதுக்குடி போனா?”

“அதச் சொல்றதுக்குத்தானக்கா இத்தன பக்கம் எழுதறேன்.”

அக்கா அதன் பிறகு குறுக்கே பேசவில்லை. கடைசி அத்தியாயம் படித்த அன்று, “அவ வரவே மாட்டாளா?” என்று மட்டும் கேட்டாள். மாட்டாள் என்றேன். அடுப்பில் கஞ்சி பொங்குகிறதா என்று பார்த்து வரச் சொன்னாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

அது நல்ல நாவல் என்று அப்போதே எனக்குத் தெரியும். பிறகு வந்த வருஷங்களில் பல விஷயங்களில் தடுமாறியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் தடுமாறவில்லை.

மலையிறங்கி வந்த அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், கரும்பும் கடலையும் போடுகிற குடும்பம். அந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அவர் அதில் படித்தவர், தமிழில் நல்ல மார்க்கு வாங்கியவர். கல்யாணமாகி ஒரு வாரத்துக்குள் நான் நோட்டுகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்தார்.

“இது மலையாளமாச்சே அம்மிணி.”

“எழுத்துத்தானுங்க மலையாளம். பேச்சு நம்ம பேச்சு.”

ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு பக்கம் என்றார். நான்கு பக்கம் கேட்டுவிட்டு, “நீ சொல்லு, நான் எழுதறேன்” என்றார். பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஏதும் ஏற்படவில்லை. இந்த வார்த்தையைச் சொன்ன பிறகு ஏற்பட்டது.

எங்கள் கிணற்றில் மோட்டார் இருந்தது, கரண்டு நினைத்தபோதுதான் வரும். கரண்டு இருக்கும்போது தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும் என்று அவர் பகல் முழுக்க மோட்டார் ரூமிலேயே இருப்பார். மத்தியானம் சோறு கொண்டுபோகும்போது நோட்டையும் கொண்டுபோவேன். மோட்டார் ஓடாத நேரத்தில் மெதுவாகவும், ஓடுகிற நேரத்தில் கத்தியும் படிப்பேன். அவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுவார். வரப்பில் போகிறவர்கள், புதுப்பெண் மாப்பிள்ளையோடு இவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறாளே என்று மாமியாரிடம் வந்து சொன்னார்கள். மாமியார் அலட்டிக்கொள்ளவில்லை. “எழுதறது எழுதுங்க. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்ட நேரத்துக்கு வந்தாப் போதும்” என்றார்.

அவர் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே நான் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டேன். மலையாளத்தில் க-வுக்கு நான்கு எழுத்து உண்டு, தமிழில் ஒன்றுதான். அது எனக்கு லாபம். ஆனால் ‘ந’வும் ‘ன’வும் மலையாளத்தில் ஒரே எழுத்து. அது எங்கே, இது எங்கே என்று பிடிபட வெகுநாள் ஆயிற்று. அவர் சோறு சாப்பிடுகிற நேரத்தில் நான் ஒரு வரி எழுதுவேன், அவர் இடது கையால் திருத்துவார்.

வாசிப்பு கொஞ்சம் ஓடத் தொடங்கியதும், அவர் எழுதி முடித்திருந்த பக்கங்களை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். என் கதைக்காரி புருஷனிடம், “நா வரலீங்க, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்கிற இடம். அங்கே, “நான் வரவில்லை. தாங்கள் சென்று வாருங்கள்” என்று இருந்தது. புரட்டப் புரட்ட எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. ஊடு வீடாகியிருந்தது. கம்பத்துக்காரிகள்கூட இலக்கணமாகப் பேசினார்கள்.

மத்தியானம் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, “இதென்னங்க இது?” என்றேன்.

“என்ன?”

“நாஞ் சொன்னது வேற, நீங்க எழுதியிருக்கறது வேற.”

“அச்சுல வர்றதில்லையா. ஊட்டுல பேசற மாதிரியே எழுதுனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சாச் சிரிக்கட்டுங்க. அவ வாயில வர்றதத்தான் எழுதோணும். தாங்கள்னு எங்கம்மா எங்கப்பனக் கூப்பிட்டு நாங் கேட்டதில்ல.”

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். நான் பக்கங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சில நாட்கள் சோற்றோடு நோட்டு போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மலையாள நோட்டையும் அவர் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பேச்சாக அடித்துத் திருத்திக்கொண்டு போனேன். அவள் மலைக்குக் கிளம்புகிற அத்தியாயத்தில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. அவள் பஸ் ஏறுகிற இடத்தில், “அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்” என்று அவராகவே சேர்த்திருந்தார்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன்.

“இவ எப்பங்க திரும்பிப் பாத்தா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். “அந்த ஆளு அங்கயே நின்னுட்டு இருக்கறானல்ல அம்மிணி. ஒருக்கா திரும்பிப் பாத்தாத்தான் என்ன?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே தண்ணீர் மடை மாற்றப் போய்விட்டார்.

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கிறவள் இல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தீனி வைக்கும்போதெல்லாம் அந்த ஆள் பஸ் ஸ்டாப்பில் நிற்பது தெரிந்தது. என் நாவலில் அவனுக்கு ஒரு சட்டைகூட நான் போட்டுவிடவில்லை. அவள் போன பிறகு அவன் என்ன சாப்பிட்டான், யாரிடம் என்ன சொன்னான், எதுவும் எழுதவில்லை. நான் படித்துக்காட்டிய அன்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இவனுக்காகத்தான் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

அவனுக்காக ஒரு அத்தியாயம் எழுதினேன். அதைத் தமிழ் எழுத்திலேயே, யார் உதவியும் இல்லாமல் எழுதினேன். பஸ் போன பிறகு அவன் வீட்டுக்கு வந்து, அவள் காயப்போட்டிருந்த புடவையை எடுத்து மடிக்கத் தெரியாமல் மடித்து, மடிப்பு சரியாக வராமல் மறுபடி பிரித்து மடிக்கிற அத்தியாயம். அதை அவரிடம் கொடுத்தேன். ந-வும் ன-வும் தப்பாக இருந்த இடங்களை மட்டும் திருத்தினார். வேறெதையும் தொடவில்லை. “மொதல்ல இருந்து சொல்லு, எழுதறேன்” என்றார். முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் முறை எழுதத் தொடங்கினோம். இந்த முறை அவரவர் பேச்சு அவரவர் வாயில் இருந்தது.

முதலில் சென்னையில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினோம். வெகுநாள் சத்தம் இல்லை. பிறகு மரியாதையாக ஒரு பதில் வந்தது. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரிகிற பொதுத்தமிழில் பேச்சுகளை மாற்றித் தந்தால் வெளியிடலாம் என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். “நாந்தான் மொதல்லயே சொன்னனல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்று என்ன செய்திருப்பேனோ. அவர் சொல்லவில்லை. “பழைய பக்கமெல்லாம் பொட்டியிலதான் இருக்குது” என்று மட்டும் சொன்னார். நான் நன்றி தெரிவித்து, பிரதியைத் திருப்பி அனுப்பும்படி கேட்டு எழுதினேன். ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு மூலைகள் மடங்கி வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் கொல்லங்கோட்டுக்குப் போயிருந்தபோது, எனக்குப் பாடம் எடுத்த மலையாள டீச்சரை வழியில் பார்த்தேன். பாலக்காட்டில் ஒரு மலையாள வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவருக்கு உறவு. விஷயத்தைக் கேட்டதும் டீச்சர், “நீ மலையாளத்தில் எழுது. தொடராகவே போடச் சொல்கிறேன். உன் மலையாளம் எனக்குத் தெரியாதா” என்றார். அவர் ஆசைகாட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே நடக்கக்கூடியது. எழுத்தும் ஏற்கெனவே அந்த எழுத்துத்தான்.

ஒரு அத்தியாயம் எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது, தப்பே இல்லாமல் வந்தது. படித்தால் நன்றாகவும் இருந்தது. ஆனால் என் கதைக்காரி புருஷனிடம் “ஞான் வரணில்ல” என்று சொன்னபோது, அதைச் சொன்னது வேறு ஒரு பெண். அவளுடைய அம்மா வேறு, அடுப்பு வேறு, கோபம்கூட வேறு. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். “நின்டெ இஷ்டம்”, உன் விருப்பம், என்றார்.

கோயமுத்தூர் அச்சகம் கிடைத்தது ஒரு கல்யாணத்தால். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கோயமுத்தூர் போனார்கள். நானும் வருகிறேன் என்று கைக்குழந்தையோடும் பிரதியோடும் கிளம்பினேன். அச்சக முதலாளி கல்யாணப் பத்திரிகை, காலண்டர், மில் ரசீதுகள் அடிப்பவர். ஆசைக்கு அவ்வப்போது புத்தகமும் போடுவார். பத்திரிகை வாசகம் எல்லாம் பேசி முடித்த பிறகு பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு டீ சொன்னார்.

“ஏனுங்க, இந்தப் பொம்பள கடசீல திரும்பி வந்துருதுங்களா?”

“படிச்சுப் பாருங்க.”

“சொல்ல மாட்டீங்களாக்கு” என்று சிரித்தார். முகூர்த்தம் நெருங்கி, பத்திரிகைக் கட்டு வாங்கப் போன என் வீட்டுக்காரரிடம், நாவலைப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

போடுகிறேன் என்று சொல்வதும் போடுவதும் ஒன்றாக இருக்கவில்லை. அது பேப்பர் தட்டுப்பாட்டுக் காலம். பள்ளிக்கூட நோட்டுக்கே பேப்பர் இல்லாதபோது நாவலுக்கு எங்கே போவது. பேப்பர் வந்த பிறகு முதலாளியின் வேலை முறைப்படி எங்களுக்கு இடம் கிடைத்தது. கல்யாண மாதங்களில் அச்சுக்கோப்பவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. என் நாவல் ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் வளர்ந்தது. மற்றவர்கள் தை பிறக்கக் காத்திருந்தார்கள், நான் ஆடி பிறக்கக் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இருந்தது, பயம் இருக்கவில்லை. வருகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஆடியில் முதலாளி உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனோம். அச்சுக்கோப்பவர் ஐம்பது வயதுக்காரர், விரல்கள் மையில் கறுத்திருந்தன. எழுத்துப் பெட்டியில் ஒரு காலி அறையைக் காட்டினார்.

“‘ங்’ தீந்துபோச்சுங்கம்மா. ஒரு பாரம், பதினாறு பக்கம், கோக்கறதுக்குள்ள பூராவும் போயிருது. கல்யாணப் பத்திரிகைல இத்தன ‘ங்’ வராதுங்க.”

ஒவ்வொருவரும் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போட்டுப் பேசுகிற நாவல். ஈய எழுத்தில் ஒவ்வொரு ‘ங்’குக்கும் தனித் துண்டு வேண்டும், இருப்பது அளவாகத்தான் இருக்கும். முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். “கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா? ரெண்டு இருக்கற எடத்துல ஒண்ணு?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். “அதெப்படிங்க கொறைக்கறது. மாமியாகிட்டப் பேசறா. மருவாதியில்லாம பேசுனா அவ நல்லாருப்பாளுங்களா?”

“சரிதானுங்க” என்றார் அச்சுக்கோப்பவர். “ஆனா எழுத்து வேணுமல்லங்க.”

“இன்னும் நாலு அத்தியாயந்தானுங்க” என்றேன். “அதுக்கப்பறம் மலைக்குப் போயிருவா. அங்க கம்பத்துக்காரங்க. அவங்க ‘ங்க’ போட மாட்டாங்க.”

முதலாளிக்கு அடக்க முடியாத சிரிப்பு. புது எழுத்து வாங்கிப் போட்டார். வருவதற்கு மார்கழி ஆயிற்று.

புரூஃப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். அச்சுக்கோப்பவர் கைப்பழக்கத்தில் ஊட்டை வீடாக்கியிருந்தார். இருக்குதுங்களை இருக்கிறதாக்கியிருந்தார். நான் ஒரு பக்கத்திலிருந்தும் வீட்டுக்காரர் ஒரு பக்கத்திலிருந்தும் திருத்திக்கொண்டு வந்தோம். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் விரலெல்லாம் மை. மடியில் இருந்த இரண்டாவது குழந்தை அதைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் புத்தகம் வந்தது. கட்டுகளை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமியார் ஒரு பிரதியைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, “நல்லாக் கனமா இருக்குது” என்றார். பக்கத்து வீடுகளில் படித்தவர்கள் புத்தகத்துக்குள் தங்களைத் தேடினார்கள். யாரும் அகப்படவில்லை என்று ஒருவருக்கு வருத்தம். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர், மலைப் பேச்சில் இரண்டு வார்த்தை தவறு என்று எழுதினார். ஒன்று சரியாகத்தான் இருந்தது, மற்றதை ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் வாயனசாலையில் அலமாரி முழுக்க மலையாளப் புத்தகங்கள். தமிழ் என்று ஒரு தட்டு இருந்ததில்லை. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். நூலகர் சின்ன வயது மலையாளி. அட்டையைப் பார்த்து, “இது ஆரு வாயிக்கும் சேச்சி?” என்றார். வாசிக்க ஆள் வரும், வையுங்கள் என்றேன். எங்கே வைப்பது என்று அலமாரியை ஒருமுறை பார்த்தார். கடைசித் தட்டில் விவசாயப் பத்திரிகைகளை ஒதுக்கி இடம் பண்ணி, அங்கே நிறுத்தி வைத்தார். தனியாக வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார்.

அறுவடை முடிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். செங்கல் இருந்தது, புத்தகம் இல்லை. யாரோ கரும்பாலைக்குப் போகிற ஒரு பெண் எடுத்துக்கொண்டு போனதாகவும், அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கிப் போனதாகவும், அதன் பிறகு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றும் நூலகர் சொன்னார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கு அன்று முழுக்க வேலை எதுவும் பாரமாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப் பிரித்து, இந்த முறை மூன்று பிரதிகளாக எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.